ஒன்பது மணி மாத்திரை

“உன் முகத்தப் பாத்தா யாரையும் எதிர்த்து ஒரு வார்த்த பேசற பொண்ணு மாதிரி தெரியலயே” என்றார் எங்கள் மருத்துவமனையின் நர்சிங் சூப்பரின்டென்டென்ட். சிறுநீரக மாற்று அறுவை முடிந்து வீட்டுக்குப் போனவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் கிளினிக்குக்கு ஒரு நர்ஸ் தேவைப்பட்டது. மூன்று பேர் விண்ணப்பித்திருந்தோம். மற்ற இருவரும் என்னைவிட மூத்தவர்கள்.

“அங்க ஊசி போடற வேல கம்மி. நல்லா இருக்கேன்னு சிரிச்சுக்கிட்டு வர்ற பேஷன்ட்ட உக்கார வெச்சு, இல்ல, நீங்க நல்லா இல்லன்னு சொல்லணும். டாக்டர் எழுதி முடிச்சப்புறம், சார் இன்னொரு தடவ பாருங்கன்னு சொல்லணும். உன்னால ஆகுமா?”

“ஆகும் மேடம்” என்றேன். அவர் நம்பவில்லை. ஆறு மாதம் மட்டும் பார்க்கலாம் என்று குறிப்பெழுதி அனுப்பினார். அந்த ஆறு மாதம் பதினோரு வருடம் நீண்டது.

போன மாதம் அந்த வேலையை விட்டேன். ஓய்வு பெறும் வயது இல்லை, எனக்கு முப்பத்தைந்துதான். கடைசி வாரம், என் நாற்காலிக்கு வரப்போகிற திவ்யா புதிய கணினித் திரையைக் காட்டிக் கேட்டாள்: “அக்கா, இப்ப ரிப்போர்ட் தப்பா இருந்தா இதுவே செவப்பு காட்டுது. நீங்கல்லாம் அப்ப எப்படித்தான் கண்டுபிடிச்சீங்க?” வாயால் பதில் சொல்லப் பார்த்தேன். நடுவில் நான்கு தடவை போன் வந்தது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இது அவளுக்காகவும் அவளுக்குப் பின்னால் வருகிறவர்களுக்காகவும்.

கன்னடம் பேசும் இந்த நகரத்தில் நான் அடுகோடிக்காரி. அப்பா ஓசூர் ரோடு பக்கம் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை. அம்மா அபார்ட்மென்ட்களில் தரை துடைத்தார். இருவருக்கும் எழுத்து தெரியாது. எங்கள் வீட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அதை யாரிடமும் சொல்ல நான் கூச்சப்பட்டதில்லை. கன்னட மீடியம் அரசுப் பள்ளி, பிறகு நர்சிங் டிப்ளமா, பிறகு மூன்று வருடம் டயாலிசிஸ் வார்டு. படிப்பைப் பற்றிச் சொல்ல வேறு பெரிதாக ஒன்றுமில்லை. வேலைக்கு வந்த பிறகுதான் கற்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒருவருடைய சிறுநீரகத்தை இன்னொருவர் உடம்பில் வைத்துத் தைத்த பிறகு, அந்த உடம்பு அதை அந்நியன் என்று கண்டுபிடித்துத் தாக்கப் பார்க்கும். அதைத்தான் ரிஜெக்‌ஷன் என்கிறோம். அந்தத் தாக்குதலை அடக்கி வைக்கத்தான் காலையிலும் இரவிலும் மாத்திரை. முக்கியமானது டாக்ரோலிமஸ், எங்கள் வாயில் அது ‘டாக்ரோ’. ரத்தத்தில் டாக்ரோ குறைந்தால் உடம்பு விழித்துக்கொள்ளும். அதிகமானால் அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை, அதில்தான் ஒவ்வொரு நோயாளியும் நடக்க வேண்டும்.

காய்ச்சல், சிறுநீரகம் வைத்த இடத்தில் வலி, கால் வீக்கம், சிறுநீர் குறைவது என்று புத்தகத்தில் அறிகுறிகள் போட்டிருக்கும். அவை எல்லாம் வந்து சேரும் நேரத்தில் பாதி சிறுநீரகம் போயிருக்கலாம். ஆரம்பத்தில் வருவது சத்தமில்லாமல் வரும். நோயாளி நன்றாகச் சாப்பிடுவார், நன்றாகத் தூங்குவார், முகம் பளபளவென்று இருக்கும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் மட்டும் ரத்தத்தில் ஒரு துளி ஏறியிருக்கும். காலை எடை அரைக் கிலோ கூடியிருக்கும். அதைப் பிடிப்பதுதான் என் வேலை.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுப்பேன். காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, எதுவும் சாப்பிடுவதற்கு முன்னால் எடை. பிறகு ரத்த அழுத்தம், உடல் வெப்பம். நாள் முழுக்கச் சிறுநீரை அளவு ஜக்கில் பிடித்து எழுத வேண்டும். மாத்திரை காலை ஒன்பது, இரவு ஒன்பது. ஒன்பது என்றால் ஒன்பது. எட்டே முக்காலும் இல்லை, ஒன்பதே காலும் இல்லை. அவர்கள் போனை வாங்கி நானே அலாரம் வைத்துக் கொடுப்பேன். “கல்யாணத்துல தாலி கட்டிக்கிட்டு இருந்தாலும் சரி, அலாரம் அடிச்சா மாத்திரை வாய்க்குப் போகணும்” என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். எல்லோரும் அப்படியே செய்வார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் செய்வார்கள். அவர்கள்தான் இன்னும் சரியாகச் செய்வார்கள். என் அம்மா ரத்த அழுத்த மாத்திரையை அட்டையின் நிறம் பார்த்து, சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி விழுங்குவார். எழுதியதைப் படிக்க முடியாதவர் காதில் விழுந்ததைப் பிடித்துக்கொள்வார், விடமாட்டார். அந்தப் பழக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒரு தப்புப் பண்ணினேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் எங்கள் பெரிய டாக்டரைப் பற்றி. மண்டியா பக்கத்துக்காரர். தமிழ் புரியும், பேசினால் பாதி கன்னடமாக வரும். ரிப்போர்ட்டை உட்கார்ந்து பார்க்க மாட்டார். ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, “ஹேளம்மா” என்பார், சொல்லும்மா என்று. நான் பேப்பரைப் பார்க்காமல் அந்த நோயாளியின் கடைசி நான்கு கிரியாட்டினின் எண்களைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் ஒருவரைப் பற்றி “நார்மல் சார்” என்று சொல்லிவிட்டேன். ஜன்னலிலிருந்து திரும்பவே இல்லை. “யாரிகெ நார்மல்?” என்று கேட்டார். யாருக்கு நார்மல்? லேபுக்கு 1.3 வரை நார்மல். 0.9இல் இருந்த ஆளுக்கு 1.3 நார்மலா? அன்றைக்குப் பிறகு அந்த வார்த்தையை அவர் முன்னால் நான் சொன்னதில்லை.

மருந்து அளவை முதலில் பென்சிலில் எழுதுவார். நான் சத்தமாகத் திருப்பிப் படிக்க வேண்டும். படித்த பிறகு அதன் மேலேயே பேனாவால் எழுதுவார். பேனா போட்டுவிட்டால் முடிந்தது. அதற்கு மேல் பேச்சில்லை. நோயாளியின் முன்னால் அவரைக் கேள்வி கேட்டால் பிடிக்காது. ஒரு ஜூனியர் டாக்டர் அப்படிக் கேட்டதற்கு, “நீனு ஹொரகடெ இரு” என்று அறைக்கு வெளியே நிற்க வைத்தார். அவர் மத்தியானம் வரை அங்கேயே நின்றார்.

நான் சேர்ந்து நான்காவது வருடம். முனிராஜ் என்று ஒருவர், கிருஷ்ணகிரிப் பக்கம். ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர். அவருக்குச் சிறுநீரகம் கொடுத்தது அவர் மனைவி சத்யா. அதே ஊரில் ஒரு கார்மென்ட்ஸில் தையல் வேலை. இரண்டு பிள்ளைகள். கிளினிக்குக்கு எப்போதும் சேர்ந்துதான் வருவார்கள்.

“இன்னா சிஸ்டர், என் கிட்னி எப்படிக் கீது?” என்று கேட்டுக்கொண்டேதான் சத்யா உள்ளே வருவார்.

“பாத்தீங்களா சிஸ்டர், என்ன எப்படி இருக்கேன்னு ஒரு தடவ கேட்டிருப்பாளா?” என்பார் முனிராஜ்.

“வீட்ட வாடகைக்கு விட்டா, ஓனர் வந்து செவுத்தத்தான் பாப்பாங்க. குடித்தனக்காரன் மூஞ்சயா பாப்பாங்க?”

நோட்டுப் புத்தகம் எழுதுவது சத்யாதான். அவர் ஐந்தாவது வரைக்கும் படித்தவர். எண்கள் குண்டு குண்டாக, ஒன்றின் கீழ் ஒன்று நேராக இருக்கும். சிறுநீர் ஜக்கைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்துத்தான் எழுதுவாராம். முனிராஜ் தொழிற்சாலைக்குத் திரும்பப் போவதற்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

அறுவை முடிந்து ஆறு வாரம் ஒழுங்காகப் போனது. கிரியாட்டினின் 1.0இல் நின்றது. பிறகு 1.1 ஆனது. அடுத்து 1.2. அளவு மீறினால் லேப் ரிப்போர்ட்டில் போடும் நட்சத்திரக் குறி எதிலும் இல்லை. கூடவே டாக்ரோ அளவு எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தது. டாக்ரோ கூடினால் கிரியாட்டினினும் ஏறும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் குறைத்தார். சரியான முடிவு, நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை. அன்று எடுத்த ரத்தத்தில் கிரியாட்டினின் 1.3. திங்கட்கிழமை எடுத்ததன் டாக்ரோ ரிப்போர்ட் அன்றுதான் என் கைக்கு வந்தது. மாத்திரையைக் குறைத்த பிறகும் அளவு இறங்கவில்லை. போன தடவையைவிட இன்னும் ஏறியிருந்தது.

டாக்டர் ஜன்னல் பக்கமிருந்து திரும்பினார். “சக்கோத்தா தின்றியா?” என்றார் முனிராஜிடம். பம்ப்ளிமாஸ் பழத்துக்கு இங்கே சக்கோத்தா என்று பெயர். அதைத் தின்றால் டாக்ரோ ரத்தத்தில் எகிறும்.

“இல்ல சார். அவ வீட்டுக்குள்ளயே விடமாட்டா.”

“வேற டாக்டர் மாத்திரை? நாட்டு மருந்து?”

“காப்பிக்குக்கூட இவகிட்ட பர்மிஷன் கேக்கறேன் சார்.”

நான் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடை ஐந்து நாளில் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. சிறுநீர் மூன்று லிட்டரிலிருந்து இரண்டரைக்குக் கீழே வந்திருந்தது. ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. வரிசையாகச் சொன்னேன். டாக்டர் கேட்டுக்கொண்டார். டாக்ரோவோடு சேர்த்துத் தரும் ஸ்டீராய்டில் பசி எடுக்கும், எடை கூடும். டாக்ரோ அதிகமானாலும் அழுத்தம் ஏறும். எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம் பொருந்தியது. மாத்திரையை இன்னும் குறைத்துப் பென்சிலில் எழுதினார். நான் திருப்பிப் படித்தேன். அவர் பேனா போட்டார். ஆபரேஷன் தியேட்டரில் அவருக்காக நோயாளி காத்திருந்தார்.

வெளியே பெஞ்சில் உட்கார வைத்து, புதிய அளவை முனிராஜுக்கு விளக்கினேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் சொல்லி முடித்ததும், நோயாளி எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும், எத்தனை மாத்திரை, எந்த நேரம் என்று.

“காலைல ஒம்பது, நைட்டு ஒம்பது” என்றார். “ஒரு நிமிஷம் தவறினது இல்ல சிஸ்டர். இன்னிக்குக்கூட லைன்ல நின்னுக்கினு இருக்கறேன், அலாரம் அடிச்சது. பாட்டில எடுத்தேன், போட்டேன்.”

“எந்த லைன்லண்ணா?”

“ரத்தம் குடுக்கற லைன்லதான். எனக்கு முன்னாடி முப்பது பேரு.”

“அப்ப ரத்தம் எடுத்தது?”

“அது ஒம்போதே முக்கால், பத்து ஆயிருக்கும்.”

“திங்கட்கிழமை?”

“அன்னிக்கும் அப்படித்தான். போன வாரமும்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “லேட்டா போடலியே சிஸ்டர்? கரெக்டா போட்டேனே” என்றார்.

டாக்ரோ அளவுக்கான ரத்தத்தைக் காலை மாத்திரைக்கு முன்னால் எடுக்க வேண்டும். இரவு போட்ட மாத்திரை பன்னிரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. மாத்திரையை விழுங்கிவிட்டு முக்கால் மணி நேரத்தில் எடுத்தால், அப்போதுதான் உள்ளே போனது முழுக்க ரத்தத்தில் நிற்கும். எண் பொய்யாக உயரும். அந்தப் பொய் எண்ணை நம்பி நாங்கள் இரண்டு தடவை மருந்தைக் குறைத்திருக்கிறோம். அப்படியானால் கிரியாட்டினின் ஏறுவதற்குக் காரணம் மருந்து அதிகமானது இல்லை.

இது ஏன் முன்பெல்லாம் நடக்கவில்லை? முன்பு எங்கள் நோயாளிகளுக்கு ரத்தம் எடுக்க மாடியிலேயே தனி ஜன்னல் இருந்தது. எட்டரைக்கு முடிந்துவிடும். மூன்று வாரத்துக்கு முன்புதான் அதை மூடி, எல்லோரையும் கீழே பொது ஹாலுக்கு அனுப்பினார்கள். வரிசை நீண்டது. நேரம் ஒன்பதைத் தாண்டியது. ‘ரத்தம் எடுக்கும் நாளில் மாத்திரை பிறகு’ என்று முதல் நாள் சொல்லித்தான் அனுப்பியிருந்தேன். ஆனால் அது ஒரு தடவை சொன்னது. ஒன்பது என்றால் ஒன்பது என்பது நூறு தடவை சொன்னது.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. லேபுக்கு அனுப்பும் படிவத்தில் ‘கடைசி மாத்திரை எப்போது’ என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் இரவு ஒன்பதுக்குத்தானே போடுகிறார்கள்? அதனால் நான் காலையில் வந்ததும் எல்லாப் படிவத்திலும் ‘இரவு 9’ என்று மொத்தமாக எழுதி வைத்துவிடுவேன். வேலை சீக்கிரம் முடியும். நோயாளியைக் கேட்க வேண்டிய கேள்விக்கு நோயாளி வருவதற்கு முன்பே பதில் எழுதியிருந்தேன். என் கையெழுத்தை நம்பித்தான் டாக்டர் பேனா போட்டார்.

சத்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னா ஆச்சு சிஸ்டர்?”

“ஒரு அஞ்சு நிமிஷம் இங்கயே இருங்கக்கா. அந்தச் சீட்ட எங்கிட்ட குடுங்க. மருந்துக் கடைக்குப் போகாதீங்க.”

தியேட்டர் வராந்தாவில் டாக்டரைப் பிடித்தேன். பச்சை உடுப்பு மாற்றிவிட்டிருந்தார். பேனா போட்ட சீட்டு என் கையில் இருப்பதைப் பார்த்ததும் புருவம் ஏறியது.

“ஏனு?” என்ன என்று கேட்டார்.

“முனிராஜ் டாக்ரோ லெவல் தப்பு சார். மாத்திரை போட்டப்புறம் ரத்தம் எடுத்திருக்காங்க. மூணு தடவையும்.”

“ஃபார்ம்ல நைட் நைன்னு இருக்கு.”

“அது நான் எழுதினது சார்.”

“அவன் சொன்னானா?”

“இல்ல சார். கேக்காம எழுதினேன். எல்லாருக்கும் அப்படித்தான் எழுதி வெச்சிருந்தேன்.”

அவர் என் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். வராந்தாவில் ஒரு ஸ்ட்ரெச்சர் எங்களைத் தாண்டிப் போனது. வேலை போகும் என்றுதான் நினைத்தேன். அது என் மனதில் இரண்டாவதாகத்தான் இருந்தது என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வேன்.

“சார், வெயிட் ஒன்றரை கிலோ ஏறியிருக்கு. யூரின் கொறையுது. ஒன்னுலயிருந்து ஒன்னு பாயின்ட் மூணு. எனக்கு ரிஜெக்‌ஷன்னு தோணுது” என்றேன். நர்ஸ் அந்த வார்த்தையை டாக்டரிடம் சொல்வது வழக்கமில்லை.

அவர் சீட்டை வாங்கி நான்காகக் கிழித்தார். “பழைய டோஸ். இன்று நைட்டே. அட்மிட் மாடு, சேர்த்துடு. நாளைக்குக் காலைல ப்ளட் நீயே எடு. நீயே. பயாப்சிக்கு நான் ஃபோன் பண்றேன்.” கதவைத் தள்ளியவர் திரும்பினார். “மூணு வாரத்து ஃபார்ம் எல்லாம் தகொண்டு பா. வேற எத்தன பேருன்னு நோடு.” எல்லாவற்றையும் எடுத்து வந்து பார்க்கச் சொன்னார்.

அன்று மாலை முழுக்க அந்த மூன்று வாரத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். என்னை நியாயப்படுத்திக்கொள்ளாமல் நேராகக் கேட்டேன். இன்னும் ஐந்து பேர் அப்படி மாத்திரை போட்டிருந்தார்கள். அவர்கள் யாருக்கும் கிரியாட்டினின் ஏறவில்லை. ஐந்து பேரையும் மறுபடி ரத்தம் கொடுக்க வரச் சொன்னேன். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து வரும் ஒரு ரிட்டையர்ட் டீச்சர் மட்டும், “நீ சொன்னதைத்தானே செய்தேன், இப்போது நான் தப்பா?” என்று கேட்டார். “இல்லங்க டீச்சர், நான்தான் தப்பு” என்றேன். அவர் மார்க் போடுகிறவர் மாதிரி, “சரி, ஒத்துக்கொண்டாய்” என்றார்.

மறுநாள் காலை எட்டரைக்கு வார்டில் முனிராஜின் கையில் நானே ரத்தம் எடுத்தேன். மாத்திரை டப்பா என் பாக்கெட்டில் இருந்தது. எடுத்து முடித்த பிறகுதான் கொடுத்தேன். பிறகு கீழே ஹாலுக்குப் போய் ஓரமாக நின்றேன். ஒன்பது அடித்தது. வரிசையில் ஒரு போன் சினிமாப் பாட்டுப் பாடியது. அடுத்து ஒரு பக்திப் பாட்டு. பின்னால் ஒரு சேவல் கூவல். நான்கைந்து கைகள் ஒரே நேரத்தில் பைக்குள் போயின. எல்லாம் நான் வைத்துக் கொடுத்த அலாரம். “யாரும் போடாதீங்க” என்று நான் கத்தியதில் செக்யூரிட்டி ஓடி வந்தார்.

வார்டு வாசலில் சத்யா நின்றுகொண்டிருந்தார். முந்தின நாள் இரவே எல்லாவற்றையும் விளக்கியிருந்தேன். இப்போது கேட்டார்.

“நீங்கதான சிஸ்டர் ஒம்பதுன்னா ஒம்பதுன்னு சொன்னீங்க?”

“ஆமாக்கா. நான்தான் சொன்னேன். ரத்தம் எடுக்கற அன்னிக்கு எப்படின்னு திரும்பத் திரும்ப சொல்லியிருக்கணும். சொல்லல. கேட்டிருக்கணும். கேக்கல.”

“அந்தாளு நீங்க சொன்னா கெணத்துலகூட குதிப்பாரு.” குரல் உடையவில்லை. கோபம்தான். “எங்கிட்ட இன்னொண்ணு இல்ல சிஸ்டர். இருக்கறது ஒண்ணு, அது எம் புள்ளைங்களுக்கு நான் ஒழைக்கறதுக்கு வேணும். நீங்கதான் காப்பாத்தணும்.”

பரவாயில்லை என்று அவரும் சொல்லவில்லை, கவலைப்படாதீர்கள் என்று நானும் சொல்லவில்லை. “அந்த நோட்ட குடுங்கக்கா, இன்னிக்கு யூரின் எவ்வளவுன்னு எழுதலாம்” என்றேன். கொடுத்தார்.

சரியாக எடுத்த ரத்தத்தில் டாக்ரோ அளவு இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. கிரியாட்டினின் 1.5. ஒரே நாளில்.

சிறுநீரகத்தில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சிக்கு முனிராஜைப் படுக்க வைத்தார்கள். புதிய சிறுநீரகம் அடிவயிற்றில் முன்பக்கம் இருக்கும், அதனால் மல்லாந்துதான். மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே ஊசித் துப்பாக்கியை வைப்பார்கள். ஸ்டேப்ளர் அடிப்பது போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை முன்னாலேயே சொல்லிவைத்தால் நோயாளி அசைய மாட்டார். சொன்னேன். “சத்யாவுக்கு வலிக்குமா?” என்று கேட்டார். பக்கத்தில் நின்ற டெக்னீஷியன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் உண்மையாகவே கேட்டார் என்று எனக்குத் தோன்றியது.

எடுத்த துணுக்கு நூல் அளவுக்கு மெல்லிசாக இருந்தது. அடுத்த நாள் மாலை முடிவு வந்தது. ரிஜெக்‌ஷன்; ஆரம்ப நிலை. டாக்டர் மைக்ராஸ்கோப் அறையிலிருந்து நேராக வார்டுக்கு வந்தார். இன்னும் ஒரு வாரம் குறைந்த டோஸில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. மூன்று நாள் ஸ்டீராய்டு நரம்பு வழியாக ஏற்றினோம். அந்த மூன்று நாளும் நான் காலை ஆறரைக்கு வந்தேன். எடை, ஜக், அழுத்தம், ரத்தம் எல்லாம் என் கையாலேயே. இரண்டாம் நாள் 1.6. சத்யா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் 1.5. பிறகு 1.3. பத்தாம் நாள் 1.2. அங்கேயே நின்றுவிட்டது. 1.0 திரும்பி வரவில்லை. அந்த 0.2 என் கணக்கில் இருக்கிறது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

டாக்டர் என்னைத் திட்டவில்லை, பாராட்டவும் இல்லை. மறுவாரம் கிளினிக்கில் ஜன்னல் பக்கம் நின்று, “ஹேளம்மா” என்றார். நான் எண்களைச் சொன்னேன். “மாத்திரை எத்தன மணிக்கு?” என்றார். “கேட்டேன் சார், நேத்து நைட்டு ஒம்பது அஞ்சு” என்றேன். அதன் பிறகு எல்லா நோயாளிக்கும் அந்தக் கேள்வியைச் சேர்த்துக்கொண்டார். அந்தக் கட்டத்தை நோயாளியின் எதிரில் தவிர எழுதக் கூடாது என்று நானும் ஒரு விதி போட்டேன். விதியை யாரும் கையெழுத்திட்டுத் தரவில்லை. இருந்தாலும் ஏழு வருடம் நடந்தது.

மாடி ஜன்னலைத் திரும்பப் பெற ஐந்து மாதம் ஆனது. நிர்வாகத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். “ஒரு அலாரத்த மாத்தி வெக்கச் சொல்றதுக்கு தனி கவுன்டரா?” என்று கேட்டார் ஒரு மேலாளர். அவரைக் கையோடு கூட்டிப்போய் ஒன்பது மணிக்கு ஹாலில் நிறுத்தினேன். ஜன்னல் திறந்தது.

திவ்யா, உன் கேள்விக்கு இப்போது பதில். கணினி சிவப்புக் காட்டுவது நல்லதுதான். ஆனால் அந்த வியாழக்கிழமை வரை முனிராஜின் எந்த எண்ணுக்கும் அது சிவப்புக் காட்டியிருக்காது, டாக்ரோவைத் தவிர. அந்தச் சிவப்பு நம்மைத் தப்பான பக்கம் அனுப்பியிருக்கும். நோயாளியின் பழைய எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார். எடையைப் பார். மாத்திரை எப்போது என்று அவர் வாயால் கேள். சொன்னதைக் கேட்காத நோயாளியைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். நாம் சொன்னதை அப்படியே கேட்கிறவர் என்றால், நாம் என்ன சொன்னோம் என்று நினைத்துப் பார்.

எட்டரை மணி ஜன்னல் வந்தும் ஒரு விஷயம் தீரவில்லை. ஹெப்பகோடி, ஓசூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் எட்டரைக்கு நகரத்துக்குள் வந்து சேர, விடியும் முன்பே பஸ் பிடிக்க வேண்டும். வேலைக்குத் திரும்பியவர்கள் ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும். ஒரு வருடம் தாண்டியதும், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று ரத்தப் பரிசோதனையை ஒரு மாதம் தள்ளுவார்கள், பிறகு இரண்டு மாதம். அப்படித் தள்ளிய மூன்று பேர் திரும்ப டயாலிசிஸுக்குப் போனதை நான் பார்த்தேன். மூவரும் அந்தப் பக்கத்துக்காரர்கள். மருத்துவமனைக்கு உள்ளே இருந்துகொண்டு இதைச் சரிசெய்ய முடியாது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்த நாளில் ராஜினாமாக் கடிதம் எழுதினேன்.

“பென்ஷன் இல்லாத வயசுல ஓய்வா?” என்று கேட்டார் அப்பா. “ஓய்வு யாருப்பா எடுக்கறா?” என்றேன்.

ஹெப்பகோடியில் கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், ரத்தம் எடுக்க, படி ஏற வேண்டாத ஒரு தரைத்தள அறை பிடித்திருக்கிறோம். நானும், டயாலிசிஸ் வார்டில் என்னோடு இருந்த ஒரு லேப் டெக்னீஷியனும். பதிவுச் சான்றிதழ் வந்துவிட்டது. ரத்தத்தைக் குளிர்பெட்டியில் வைத்து எட்டரைக்குள் லேபுக்கு அனுப்ப ஒரு ஆட்டோக்காரரைப் பேசி வைத்திருக்கிறோம். போன திங்கட்கிழமை காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தேன். முதல் நாள் நான்கு பேர், மாத்திரை நேரத்தை டாக்டர் காலை ஏழு, இரவு ஏழு என்று மாற்றிக் கொடுத்தவர்கள். வேலைக்குப் போகும் வழியில் கையை நீட்டிவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்கள். வியாழக்கிழமை ஏழு பேர். அதில் ஒரு பெண், அறுவை முடிந்து இரண்டு வருடம் ஆனவர், ஐந்து மாதமாகப் பரிசோதனை செய்யாதவர். நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொன்னார். மத்தியானம் ரிப்போர்ட் வந்தது. லேப் நட்சத்திரம் போடவில்லை. அவருடைய பழைய எண்ணைவிட 0.3 கூடுதல். டாக்டருக்குப் போன் செய்தேன். பிறகு அந்தப் பெண் வேலை செய்யும் கார்மென்ட்ஸ் வாசலுக்கு நானே போய், சூப்பர்வைசரிடம் பேசி, ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினேன். இன்று காலை பயாப்சி முடிந்திருக்கிறது.